துட்டு ஒரிஜினலா, டூப்ளிகேட்டா: வாங்கியவரும் விற்றவரும் சண்டையில்லாமல் பேசி முடிப்பது எப்படி?

களிம்புப்பச்சை (இழை தொடங்கியவர்)

பிரெஞ்சிந்தியக் காசு (பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்காக அடித்த செம்புத் துட்டு, சின்ன வெள்ளிப் பணம் போன்றவை) வாட்ஸப் குழுவிலும் ஏல ஆப்பிலும் கைமாறத் தொடங்கியதிலிருந்து ஒரே மாதிரித் தகராறுதான் வருகிறது. வாங்கியவர் நேராகக் குழுவில் வந்து "இன்னார் டூப்ளிகேட் விற்கிறார்" என்று போட்டோ போடுகிறார். விற்றவர் "நான் எத்தனை வருஷமா தொழில் பண்றேன் தெரியுமா" என்கிறார். நாற்பது மெசேஜ் ஓடிவிடும். காசின் எடை என்ன என்று அதுவரை இரண்டு பேருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த இழை அதற்காகத்தான். பார்சல் பிரித்த நிமிஷத்திலிருந்து பணம் திரும்பும்வரை என்ன வரிசை, யார் எதை எழுத வேண்டும், செலவு யார் தலையில் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை, பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம்.

தராசுமுள்

தராசிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது.

0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு ரூபாய்க்குப் போதும், வெள்ளிப் பணத்துக்குப் போதாது. கணக்கைப் பாருங்கள். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், 917 வெள்ளி, அடர்த்தி சுமார் 10.3. சின்னக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து டேர் (எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்துங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காற்றில் எடுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. நல்ல ரூபாய்க்கு 1.13 வரும். ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத நிக்கல் கலவை) என்றால் 1.34 பக்கம் போகும். இடைவெளி பெரிது, 0.01 பிசகினாலும் முடிவு மாறாது.

இதையே ஒன்றரை கிராம் வெள்ளிப் பணத்துக்குச் செய்யுங்கள். 0.14 காட்டினால் அடர்த்தி 10.7, 0.15 காட்டினால் 10.0, 0.16 காட்டினால் 9.4. கடைசி இலக்கம் ஒரு தடவை துள்ளினால் நல்ல வெள்ளி கலப்படமாகிவிடும், கலப்படம் நல்ல வெள்ளியாகிவிடும். பணம், அரைப்பணத்துக்கு 0.001 கிராம் தராசு வேண்டும். அது கையில் இல்லாதவர் அடர்த்தியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

இன்னொரு பொறி, காற்றுக்குமிழி. எழுத்துப் பள்ளத்தில் ஒரு குமிழி ஒட்டியிருந்தால் விலக்கும் தண்ணீர் கூடும், அடர்த்தி குறைந்து தெரியும். அதாவது தவறு எப்போதும் விற்றவருக்கு எதிராகவே சாயும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, காசை லேசாக ஆட்டிக் குமிழியைக் கழற்றுங்கள். மூன்று தடவை எடுத்து மூன்று எண்ணையும் அனுப்புங்கள். நல்லதாகத் தெரிகிற ஒன்றைப் பொறுக்கி அனுப்பக் கூடாது.

நகைக்கடை வீதியில் டச் மெஷினில் (உலோகத்தின் தரம் காட்டும் கருவி) வைத்துச் சீட்டு வாங்கி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் முலாமைப் படித்துவிட்டு "வெள்ளி" என்று சொல்லும். பழைய வெள்ளிக் காசில் மேல்பரப்பிலிருந்து செம்பு அரித்துப் போயிருக்கும், அதனால் உள்ளே இருப்பதைவிடத் தோலில் வெள்ளி கூடுதலாகக் காட்டும். சீட்டைத் துணை ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக நீட்ட முடியாது.

லில்லிப்பூ

செம்புத் துட்டுக்கு மேலே சொன்னதெல்லாம் அரைகுறையாகத்தான் உதவும். பிரெஞ்சுப் பட்டியல்களில் "தூதூ" என்று இருப்பது நம் துட்டுதான், "ஃபனோ" பணம், "காஷ்" காசு. ஒருபக்கம் லில்லிப்பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. கையால் அடித்த காசு என்பதால் எடை ஒன்றுக்கொன்று மாறும். எடை கொஞ்சம் குறைகிறது என்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட இடமில்லை. டூப்ளிகேட்டும் செம்பிலேயே வார்த்தது என்றால் அடர்த்தியும் கைகொடுக்காது. பித்தளை 8.5, துத்தநாகக் கலவை 7-க்கும் கீழே, அவை மாட்டும். செம்பில் செய்தது மாட்டாது.

பார்க்க வேண்டியது பரப்பு. பத்து மடங்கு லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். அச்சடித்த காசில் எழுத்தின் தோள் (பக்கச் சரிவு) கூர்மையாக இறங்கும், அடியின் வேகத்தில் ஓரம் வெடித்திருக்கும், வெடிப்பு உள்நோக்கிக் கூம்பும். வார்ப்பில் தோள் மழுங்கி மெழுகு உருகியதுபோல் இருக்கும், சமதளத்தில் ஊசிமுனைக் குழிகள் கூட்டமாகத் தெரியும், விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும் அல்லது அதை அரம் போட்டு அழித்த தடம் இருக்கும். மண்ணில் கிடந்து அரித்த நல்ல காசிலும் குழி உண்டு. ஆனால் அந்தக் குழி சீராக இருக்காது, சின்னதும் பெரிதுமாக, ஒருபக்கம் கூடுதலாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி இரட்டைக் காசு. இரண்டு வேறு காசில் அதே இடத்தில் அதே நசுக்கல், அதே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே தாய்க்காசை வைத்து எடுத்த வார்ப்பு. ஒரே அச்சில் அடித்த இரண்டு நல்ல காசில் அச்சின் குறை ஒத்துப்போகும், புழக்கத்தில் பட்ட அடி ஒத்துப்போகாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் வாதமே தேவைப்படாது. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்து அனுப்பினால் போதும்.

எழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துத் தமிழில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். ஆகவே "புதுசசெரி" என்று இருப்பதைப் பார்த்து "எழுத்துப்பிழை, டூப்ளிகேட்" என்று குதிக்காதீர்கள். பள்ளிப் பாடப்புத்தகம்போல் புள்ளியும் இரட்டைச்சுழிக் கொம்பும் வைத்து, நடுநாயகமாக, ஒரு எழுத்தும் விடுபடாமல் இருக்கும் காசைத்தான் இரண்டாம் தடவை பார்க்க வேண்டும். அச்சு பெரிது, வில்லை (அச்சடிக்க வெட்டிய உலோகத் துண்டு) சிறிது, அதனால் பல துட்டில் எழுத்து பாதி வெளியே போயிருக்கும். லாட்டில் இருக்கும் இருபது காசும் முழு எழுத்தோடு இருந்தால் கேள்வி கேட்க நியாயம் உண்டு.

புதுவரவு

லில்லிப்பூ அக்கா, தெளிவாச்சு. ரெண்டு சந்தேகம். பச்சைக் களிம்பு பெயின்ட்டான்னு பார்க்க புளியில தேய்க்கலாமா? விற்றவருக்கு முதல் மெசேஜ் எப்படி எழுதணும்? "போலி" என்கிற வார்த்தையைப் போடாம எப்படிச் சொல்றது?

களிம்புப்பச்சை

புளி வேண்டவே வேண்டாம் தம்பி. குத்துவிளக்குக்குத்தான் புளி. தேய்த்த நிமிஷம் துட்டு இளஞ்சிவப்பாகிவிடும், நல்ல காசாக இருந்தாலும் சேகரிப்பவரிடம் அதற்கு மதிப்பு போச்சு. அப்புறம் "வந்தபடியே திருப்பித் தருகிறேன்" என்று நீங்கள் சொல்ல முடியாது. ஆசிட், உரைகல், அரம், பாத்திரம் துலக்கும் தூள் எல்லாவற்றுக்கும் இதேதான்.

பெயின்ட் சந்தேகத்துக்குச் சுத்த அசிட்டோன் போதும். பஞ்சுக்குச்சியில் நனைத்து, ஓரத்தில் ஒரே இடத்தில், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இயற்கைக் களிம்பு அதில் கரையாது, பெயின்ட்டோ பசையோ பஞ்சில் பச்சையாக ஏறும். நகப்பூச்சு கழுவும் திரவத்தில் நிறமும் எண்ணெயும் இருக்கும், அது ஆகாது. அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இதையும் விற்றவர் "சரி" என்று எழுத்தில் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும்.

முதல் மெசேஜ் இந்த மாதிரி இருக்கலாம்:

"வணக்கம் சார். செவ்வாய்க்கிழமை பார்சல் பத்திரமாகக் கிடைத்தது, நல்ல பேக்கிங், நன்றி. உங்கள் பதிவில் 'புதுச்சேரி துட்டு, அச்சடித்தது, ஒரிஜினல்' என்று இருந்தது. என்னிடம் உள்ளது எடை 3.92 கிராம், விட்டம் 16 மி.மீ. விளிம்பில் 4 மணித் திசையிலிருந்து 7 மணித் திசைவரை ஒரு கோடு தெரிகிறது (போட்டோ 3). லில்லிப்பூவின் இடதுபக்கம் ஊசிக்குழிகள் உள்ளன (போட்டோ 4). இவை வார்ப்பின் அடையாளமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். உங்கள் பார்வையில் இது எப்படி என்று சொல்ல முடியுமா? காசைத் துடைக்கவோ சோதிக்கவோ இல்லை, வந்த கவரிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதில் குற்றச்சாட்டு எங்கேயும் இல்லை. பார்த்ததும் அளந்ததும் மட்டும்தான் இருக்கிறது. விற்றவரே வேறொருவரிடம் ஏமாந்து வாங்கியிருக்கலாம், நிறைய தடவை அப்படித்தான். அவருக்குப் பின்வாங்க இடம் விட்டால் பணமும் சீக்கிரம் வரும். பார்சல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் "கிடைத்தது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வரியாவது போட்டுவிடுங்கள். மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு நாலாவது வாரம் எழுதினால் யாருக்கும் சந்தேகம் வரும்.

வாட்ஸப்பில் போட்டோவை டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கி ஊசிக்குழியெல்லாம் மறைந்துவிடும்.

வாரச்சந்தை

விற்கிறவன் பக்கத்தையும் கேளுங்க.

எங்களுக்குப் பெரிய பயம் காசு மாறி வருவது. நல்லதை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு வார்ப்பைக் கவரில் போட்டு "உங்க காசு டூப்ளிகேட்" என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? வாங்குபவர் பேக்கிங் பிரிக்கும் வீடியோ எடுத்தாலும் அதில் காசு ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

இதற்கு மருந்து விற்கும் முன்பே போட்டு வைக்க வேண்டும். இரண்டு பக்கம், விளிம்பு இரண்டு கோணத்தில், தராசின்மேல் எடை தெரியும்படி ஒன்று, ஆக ஐந்து போட்டோ. விளிம்பு முக்கியம். முகப்பை வார்ப்பில் காப்பி எடுக்கலாம், கையால் வெட்டிய வில்லையின் விளிம்பு வெடிப்பை அதேபோல் கொண்டுவருவது கஷ்டம். திரும்பி வரும் காசின் விளிம்பு என் போட்டோவோடு பொருந்தினால் மறுபேச்சு இல்லாமல் பணம் போட்டுவிடலாம். எடை 0.03-க்கு மேல் மாறினால் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு.

"அப்படியே வாங்கிக்கோங்க, நான் கேரண்டி தரமாட்டேன்" என்று போட்டு விற்பவர்கள் தலைப்பில் "ஒரிஜினல் ரேர்" என்று எழுதாதீர்கள். தலைப்பில் ஒன்று, அடியில் சின்ன எழுத்தில் ஒன்று என்றால் அங்கேயே சண்டைக்கு விதை போட்டாச்சு. தெரியாவிட்டால் "என் கணிப்பு, உறுதி இல்லை" என்று எழுதி அதற்கேற்ற விலை வையுங்கள்.

முள்ளோடை வடக்கு

வாரச்சந்தை அண்ணே சொன்னதில் பாதி சரி. மீதிக்கு நாள் கணக்கு வேண்டும். "பிடிக்கவில்லை" என்பதற்கு 7 நாள் போதும். "ஒரிஜினல் இல்லை" என்பதற்கு நாள் வரம்பு வைக்கக் கூடாது. காசு எட்டாம் நாள் ஒரிஜினலாக மாறிவிடாது.

வாரச்சந்தை

வரம்பே இல்லை என்றால் பத்து வருஷம் கழித்து வருவார்கள் அண்ணே. நான் யாரிடம் வாங்கினேனோ அவர் அதற்குள் தொழிலையே விட்டிருப்பார்.

முள்ளோடை வடக்கு

அப்படியானால் நடுவழி ஒன்று. விற்றவரும் வாங்கியவரும் ஒப்புக்கொண்ட மூன்றாவது ஆளோ, பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரி தரநிர்ணய நிறுவனமோ "இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் எப்போதும் திருப்பலாம். வாங்கியவரின் சந்தேகம் மட்டும் என்றால் 7 நாள், நீட்டித்தால் 15. பரிசோதனைக் கட்டணத்தை முதலில் வாங்கியவர் கட்டுவார், ஒரிஜினல் இல்லை என்று வந்தால் காசு விலையோடு அதையும் தபால் செலவையும் விற்றவர் தருவார். 800 ரூபாய் துட்டுக்கு வெளிநாட்டு ஸ்லாப் (தரம் பார்த்துச் சீல் வைத்த பிளாஸ்டிக் உறை) போடுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். சின்ன விலைக்கு இரண்டு பேருக்கும் பொதுவான மூத்த சேகரிப்பாளர் ஒருவர் போதும். அந்த ஆள் யார் என்பதை விற்பனைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வந்தபிறகு தேடினால் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியவரைத்தான் சொல்வார்கள்.

ஸ்லாபில் இருந்தாலும் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு காசை ஒப்பிடுங்கள். ஸ்லாபுக்கே டூப்ளிகேட் வந்துவிட்டது.

கடலூருக்கும் புதுவைக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். விற்றவர் இங்கே, வாங்கியவர் அங்கே என்றால் தபாலே வேண்டாம், பஸ் ஏறிப் போய் நேரில் வைத்து இரண்டு பேரும் ஒரே லென்ஸில் பாருங்கள். எழுத்தில் முறைத்துக்கொள்பவர்கள் நேரில் டீ குடித்துவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

கருப்புக்கோட்டு

சட்டப் பக்கம் சுருக்கமாக.

1930 பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 15: வர்ணித்து விற்றால் பொருள் வர்ணனையோடு பொருந்த வேண்டும். "ஒரிஜினல்" என்பதும் வர்ணனைதான். பிரிவு 42: நியாயமான காலத்துக்குள் மறுப்பைச் சொல்லாமல் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். பிரிவு 43: வேறு பேச்சு இல்லையென்றால், மறுத்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும். "முதலில் உன் செலவில் அனுப்பு, அப்புறம் பேசலாம்" என்று கறாராக நிற்கும் விற்பனையாளர்கள் இதைப் படிப்பது நல்லது.

தளம் வழியாக, தொழிலாக விற்பவரிடம் வாங்கியிருந்தால் 2020 மின்வணிக விதிகள் பொருந்தும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், விற்றவர் புதுவையில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூரில் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. காலவரை 2 வருஷம். மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். தன் சேகரிப்பைக் கலைக்கிற தனிநபர் எப்போதாவது விற்றது மின்வணிக விதிக்குள் வராது.

தனிநபருக்கு யூபிஐ-யில் அனுப்பிய பணத்தை "பொருள் சரியில்லை" என்று சொல்லி வங்கி மூலம் இழுக்க முடியாது. பெரிய தொகையை இரண்டாகப் பிரித்து, பாதி முன்னால், பாதி பார்த்தபின் என்று பேசிக்கொள்ளுங்கள்.

சாட்டில் தானாக அழியும் மெசேஜ் வசதியை அணைத்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட் அங்கே திணறும். பொதுக் குழுவில் "திருடன்" என்று பெயர் போட்டு எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 356-ன்கீழ் அவதூறு வழக்கு உங்கள்மேலேயே வரலாம். காசு டூப்ளிகேட் என்று நிரூபித்தாலும், அவர் தெரிந்தே விற்றார் என்பது வேறு விஷயம்.

போலிப் பெயரில் கணக்கு வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவரிடம் மரியாதைக் கடிதம் எழுதி நேரம் கழிக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

புதுவரவு

ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா ஒண்ணு சந்தையில் வாங்கினேன். அதுக்கும் இந்த மெசேஜ் அனுப்பலாமா? அதுக்கு அரிசியை இழுக்கிற சக்தி இருக்குன்னும் விற்றவர் சொன்னார்.

தராசுமுள்

ஒரு பக்கம் "யு.கே.எல்." என்று இருக்குமே, அதுதானே தம்பி? அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. கம்பெனியின் ஒரே மாதிரியான நாணயமுறை 1835-ல்தான் வந்தது. அதற்காகக் கம்பெனிக் காசில் சாமியே கிடையாது என்றும் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். சென்னையில் அடித்த மூன்று சுவாமி வராகனில் தெய்வ உருவம் உண்டு, அது தங்கம். உங்களுடையது கற்பனைக் காசு, எடை போட்டுச் சரிபார்க்க மூலமே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், மெசேஜ் இரண்டு வரி போதும். அரிசி இழுக்கும் என்று யாராவது லட்சத்தில் விலை சொன்னால் அது நாணயத் தகராறே இல்லை, போலீஸ் விவகாரம்.

லில்லிப்பூ

1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வாங்குபவர்களுக்கும் இடையில் ஒன்று. 1938-ன் 8-ஐச் செதுக்கி 9 ஆக்கியது சுற்றுகிறது. எடை, வெள்ளி, விளிம்பு வரி எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் காசு நிஜம், வருஷம் மட்டும்தான் பொய். கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள தளத்தை மட்டும் லென்ஸில் பாருங்கள். அங்கே மட்டும் மினுக்கமோ தாழ்வோ இருந்தால் சந்தேகம். இதில் தராசு முடிவை நீட்டும் விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, அவர் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார். அதை அப்படியே மென்மையாகச் சொல்லலாம்.

முள்ளோடை வடக்கு

பிரான்சில் இருக்கும் புதுவைக்காரர்கள் 1836, 1837 சேவல் போட்ட காசைக் கேட்டு எழுதுகிறார்கள். அனுப்பிவிட்டுப் பிறகு ஒரிஜினல் இல்லை என்றால் எப்படித் திரும்ப வாங்குவது?

கருப்புக்கோட்டு

அனுப்பவே கூடாது. நூறு வருஷம் தாண்டிய நாணயம் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. ஒரிஜினல் என்று சொல்லி அனுப்பினால் சட்டமீறல், டூப்ளிகேட் என்றால் மோசடி. பழசுபோல் தெரியும் புதுக் காசை அனுப்புவதானாலும் முதலில் தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்று வாங்குங்கள்.

களிம்புப்பச்சை

திருப்பி அனுப்புவது ஒன்று பாக்கி. காசை விற்றவரின் கவரிலேயே வைத்து, அதை அளவான அட்டை இரண்டுக்கு நடுவே ஒட்டி, குலுக்கினால் சத்தம் வராதபடி பாருங்கள். பி.வி.சி. கவர் வேண்டாம், நாளானால் பச்சைப் பிசின் கசிந்து காசில் ஒட்டும், அப்புறம் அதுவே புதுத் தகராறு. மூடும் முன் காசு, தராசு எண், அட்டை மூன்றும் ஒரே வீடியோவில், வெட்டில்லாமல். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதி கேட்டுப் போடுங்கள், அப்போதுதான் முகவரிக்காரர் கையில் சேரும். ரசீது எண்ணை அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள். அவர் பார்சல் கிடைத்த மூன்று நாளுக்குள் விளிம்பு போட்டோவை ஒப்பிட்டு, "பொருந்துகிறது, பணம் போட்டுவிட்டேன்" என்று எழுதியதும், குழுவில் முன்பு ஏதாவது போட்டிருந்தால் அதன் அடியிலேயே "முடிந்தது, முழுத்தொகை வந்தது" என்று நீங்கள் எழுதிவிடுங்கள்.